அகரனின் விருந்தாளிகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்று தடவை திறந்து வைக்கப்பட்ட அறை ஒன்று இருக்கிறது. முதல் தடவை ஊர் ஒன்றியத்தின் கனடாக் கிளைத் தலைவர் வந்து நாடா வெட்டினார். தங்களைக் கேட்காமல் எப்படித் திறக்கலாம் என்று லண்டன் கிளை கோபித்துக்கொண்டதால் இரண்டாம் தடவை அவர்கள் வந்து வெட்டினார்கள். மூன்றாம் தடவை யார் வெட்டினார்கள், எதற்கு வெட்டினார்கள் என்பது கூட்டறிக்கையில் தெளிவில்லை. வடை நன்றாக இருந்தது என்று மட்டும் குறிப்பு இருக்கிறது.

கதவுக்கு மேலே வரிசையாக மூன்று கல்வெட்டுகள். "ஊரிலிருந்து கொழும்பு வரும் வசதி குறைந்த குடும்பங்களுக்கான புகலறை" என்று மூன்றிலும் ஒரே வசனந்தான். எட்டு வருடமாக அந்த அறைக்குள் ஒரு குடும்பமும் புகவில்லை. அதற்காக அறை சும்மா கிடந்தது என்று யாரும் நினைக்கக்கூடாது. இலந்தையடி மக்கள் நலன்புரி ஒன்றியத்தின் கொழும்புக் கிளை வெளியிட்ட "இலந்தை மலர்" என்ற சிறப்பு மலரின் விற்காத பிரதிகள் அதற்குள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு பக்க மலர். அதில் நூற்றெண்பது பக்கம் வாழ்த்துச் செய்தி.

இந்த அறையைப் பற்றித் தேனுஜனுக்கு யாரோ சொன்னார்கள். சொன்னவர் நல்லவர்தான், பாவம், அவரும் அந்தக் கல்வெட்டைத்தான் வாசித்திருந்தார்.

தேனுஜனுக்கு இருபத்தொன்பது வயது. இலந்தையடியில் கூட்டுறவுக் கடையில் நின்றவன். கடை மூடப்பட்டதும் ஒருகொடவத்தையில் கொன்ரெய்னர் பெட்டிகள் அடுக்கும் ஒரு யாட்டில் வேலை கிடைத்தது. வாசலில் நின்று உள்ளே வரும் லொறியின் இலக்கத்தை எழுத வேண்டும், வெளியே போகும்போது அதே இலக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும். வேலை சின்னது, சம்பளம் அதைவிடச் சின்னது. மனைவி தனுஷியாவையும் ஏழு மாதக் குழந்தை அகரனையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்கி, ஜிந்துப்பிட்டியில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தான்.

அகரனுக்கு அப்போதுதான் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. பல் முளைப்பதை அவன் அடக்கமாகச் செய்யவில்லை. துறைமுகத்தில் இரவு வேலை முடித்துப் பகலில் படுக்கிறவர்கள் லொட்ஜ் முழுக்க. மூன்றாம் நாள் லொட்ஜைப் பார்க்கிற றேமண்ட் மேலே ஏறி வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார், கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டினார், பிறகு தலையைச் சொறிந்தார்.

"தம்பி, எனக்கும் பிள்ளையள் இருக்கு. ஆனா பதினாலு பேர் வந்து சொல்லிப்போட்டாங்கள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாக்கிறன். அதுக்குப் பிறகு என்னாலை ஏலாது."

வேறு வீடு பார்க்காமலில்லை. போன இடமெல்லாம் ஒரு வருட முற்பணம் கேட்டார்கள். ஒரு வருட முற்பணம் கையில் உள்ளவன் எதற்காக ஒருகொடவத்தையில் லொறி இலக்கம் எழுதுகிறான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கடைசியில் தனுஷியா ஒரு முடிவு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் முருங்கனுக்குத் தன் தாய் வீட்டுக்குப் போவாள், அவன் இங்கே தனியாக இருந்து வேலை செய்யட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

"அவன் இப்பதான் என்னை ஆரெண்டு கண்டு சிரிக்கத் தொடங்கினவன்," என்றான் தேனுஜன்.

"திரும்பப் பழக்கலாம்," என்றாள் தனுஷியா. சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பின்னேரம் தேனுஜன் ஒன்றியத்துக்குப் போனான். அறைக்கு முன்னால் ஒரு சின்ன மண்டபம், பக்கத்தில் ஒரு சமையலறை. மண்டபத்தில் மேசை போட்டு இருவர் இருந்தார்கள். ஒருவர் தலைவர் நவரத்தினம், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதிப் பணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனை. அவருடைய கையில் பச்சை அட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் எப்போதும் இருக்கும். அது ஒன்றியத்தின் யாப்பு, அறுபத்து நான்கு பிரிவு. நாற்பது வருடத்துக்கு முன்னர் அவரே இருந்து எழுதியது. மற்றவர் செயலாளர் சிவமணி ரீச்சர். உலகத்தில் நடப்பது எதுவும் கூட்டறிக்கையில் பதிந்த பிறகுதான் நடந்ததாகும் என்பது அவருடைய கொள்கை. தேனுஜன் வந்து "வணக்கம்" என்றதையே எழுதிக்கொண்டார்.

"இலந்தையடியிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார் தலைவர்.

"கிழக்கு, ஐயா."

"கிழக்கிலை... கோயிலடியோ, சந்தையடியோ?"

"ரெண்டுக்கும் நடுவிலை ஐயா, குளத்தடிப் பக்கம்."

"குளத்துக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் குளத்தைப் பற்றித்தான் கதைக்கிறோம் என்பது போல முகத்தை வைத்துக்கொள்வது எங்கள் பண்பாடு. தேனுஜன் குளத்தைச் சுற்றி முழுதாக ஒரு முறை வந்து சேர்ந்த பிறகு தலைவர் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப வாசித்தார்.

"தம்பி, நீர் பிறந்தது விசுவமடுவிலை எண்டெல்லோ கிடக்கு."

"ஓம் ஐயா. தொண்ணூற்றஞ்சு இடம்பெயர்வு. சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பிப் போனது. அம்மாவுக்கு அங்கை போய்த்தான்..."

"கவலையான விஷயந்தான்," என்றார் தலைவர். உண்மையாகவே அவருடைய முகம் வாடியது. "ஆனா யாப்பிலை நாலாம் பிரிவு, ஆ. பயனாளி எண்டவர் இலந்தையடியிலை பிறந்தவராய் இருக்க வேணும். இடம்பெயர்வு எண்டு ஒரு சொல் யாப்பிலை இல்லை. நான் முழுக்கத் தேடிப் பாத்திட்டன்."

"மனுசி?" என்று ரீச்சர் கேட்டார்.

"முருங்கன், ரீச்சர்."

"முருங்கன்," என்று ரீச்சர் எழுதினார். எழுதிய விதத்தில் அது வேறொரு நாடு என்பது தெரிந்தது.

தேனுஜன் எழும்பினான். கதவடிக்குப் போனவனை ரீச்சர்தான் கூப்பிட்டார். விண்ணப்பப் படிவத்தில் "பிள்ளைகள்" என்ற பகுதி வெறுமையாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை, அறையைப் பற்றிய அக்கறை ஒன்றும் இல்லை. தேனுஜன் அகரனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தான். இந்தக் காலத்தில் இலந்தையடிப் பிள்ளைகள் எல்லாம் பிறப்பது யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெரியாஸ்பத்திரியில். அகரன் மட்டும் மூன்று கிழமை முந்திக்கொண்டு, அம்புலன்ஸ் வருவதற்குள், ஊர் மருந்தகத்தில் நோயாளர் இருக்கிற வாங்கிலேயே பிறந்துவிட்டான். பிறந்த இடம்: இலந்தையடி.

ரீச்சரின் கை நின்றது. தலைவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முப்பது வருஷத்திலை," என்றார் மெதுவாக, "ஊர் மண்ணிலை பிறந்த ஒரு பிள்ளையை நான் இப்பதான் பாக்கப்போறன்."

வியாழக்கிழமை அவசர நிர்வாகக்குழுக் கூட்டம் நடந்தது. நாலாம் பிரிவு பிறந்த இடத்தைத்தான் கேட்கிறதே தவிர வயதைக் கேட்கவில்லை என்பது ஏகமனதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பயனாளி அகரன். விண்ணப்பதாரி நேரில் வர வேண்டும் என்பது விதி என்பதால் அவனையும் கொண்டுபோனார்கள். தனுஷியா அவனை மேசையில் இருத்தி, பின்னால் விழாமல் பிடித்துக்கொண்டாள்.

"விண்ணப்பதாரி புகைபிடிப்பவரா?" என்று தலைவர் படிவத்தைப் பார்த்து வாசித்தார்.

தேனுஜன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். "இல்லை ஐயா," என்றான்.

"மது?"

"பால் மட்டுந்தான்," என்றாள் தனுஷியா.

"வேறு ஊர்ச் சங்கங்களிலை அங்கத்துவம்?"

"இன்னும் தவழவே இல்லை ஐயா."

"தவழவில்லை" என்று ரீச்சர் எழுதிக்கொண்டார். கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் எடுத்தார்கள். மை பூசிய விரலை அகரன் முதலில் படிவத்தில் வைத்தான், பிறகு தன் வாயில் வைத்தான், அதன் பிறகு தலைவரின் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்தான். மூன்றில் எது அதிகாரபூர்வமானது என்று கொஞ்ச நேரம் விவாதித்தார்கள்.

மலர்க்குழுத் தலைவர் ராகுலன் மட்டும் முகம் சுளித்தார். அவர் ஒரு வங்கியில் வேலை செய்கிறவர், ஐம்பது வயதிருக்கும்.

"அறையைக் குடுக்கிறது நல்ல விஷயந்தான். ஆனா மலரை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? வாழ்த்துச் செய்தி தந்த ஆக்கள் அதைப் பத்தி என்ன நினைப்பினம்?"

பாதி அறை மலருக்கு, பாதி அறை அகரனுக்கு என்று முடிவாகியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் றேமண்டிடம் லொட்ஜ் அறையின் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஓட்டோவில் இரண்டு பையும் ஒரு அடுப்பும் குழந்தையுமாக வந்து இறங்கினார்கள். நேராக அறைக்குள் போய்ப் பாயை விரிக்கலாம் என்று நினைத்திருந்தார்கள். வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. நாலாவது திறப்பு விழா.

மங்கள விளக்கேற்றினார்கள். மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அகரன் அதில் கலந்துகொள்ளவில்லை. மண்டபத்தில் ரியூசனுக்கு வரும் பிள்ளைகள் மூன்று பேர் வரவேற்பு நடனம் ஆடினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தொடக்கவுரை, வாழ்த்துரை என்று நடந்துகொண்டே போக, தனுஷியா இரண்டு தடவை எழும்பிச் சமையலறைக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு தடவையும் "பயனாளி மண்டபத்தில் இல்லை" என்று உரையை நிறுத்திவைத்து, அவன் வந்த பிறகு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

தலைமையுரையை நவரத்தினம் நின்றபடி நிகழ்த்தினார்.

"பேரன்புமிக்க ஊரவர்களே! இந்தப் புகலறையை எத்தனையோ பேர் கேட்டு வந்தார்கள். கர்ப்பிணிகள் வந்தார்கள். வயோதிபர்கள் வந்தார்கள். வைத்தியத்துக்கு வந்த நோயாளர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருடைய கண்ணீரையும் நாம் கவனமாகப் பதிவு செய்து, யாப்பின்படி திருப்பி அனுப்பினோம். அதனால்தான் எட்டு ஆண்டுகள் கடந்தும் இந்த அறை இன்று புத்தம் புதிதாக இருக்கிறது. ஒரு சுவரில் ஒரு கீறல் இருக்கிறதா? நிலத்தில் ஒரு கறை இருக்கிறதா? வேறு எந்த ஊர்ச் சங்கம் இப்படிச் சொல்ல முடியும்?"

பலத்த கைதட்டல். அடுத்து ராகுலன், மலரின் அடுத்த தொகுதிக்கு வாழ்த்துச் செய்தி சேர்க்கும் பணி தொடங்கிவிட்டது என்றும், கட்டுரைகள் எதுவும் இன்னும் வரவில்லை என்றும், அதனால் தாமதம் எதுவும் ஏற்படாது என்றும் அறிவித்தார். பிறகு அகரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைக்குள் பிள்ளையைக் காணவில்லை. தனுஷியா பதறிப்போய் சரிகையை விலக்கி முகத்தை வெளியே எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் ஏற்புரைக்கு அழைத்தார். ஒலிவாங்கியைக் குழந்தையின் வாயருகே பிடித்தார்கள். அகரன் முழுப் பலத்தையும் கூட்டி அழுதான், மண்டபத்தின் இரண்டு ஒலிபெருக்கியும் அதிர்ந்தன. "பயனாளி உணர்ச்சிவசப்பட்டு நீண்ட நேரம் உரையாற்றினார்" என்று கூட்டறிக்கையில் இருக்கிறது.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு ரீச்சர் ஒரு கடிதத்தில் தேனுஜனிடம் ஒப்பம் வாங்கினார். அவன் வாசிக்காமல் வைத்தான். கண்ணுக்கு முன்னால் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே கடல். அந்த நேரம் எதைக் கொடுத்திருந்தாலும் ஒப்பம் வைத்திருப்பான்.

மூன்று நாள் நன்றாக இருந்தார்கள். மலர்க் கட்டுகளை வரிசையாக அடுக்கி மேலே பாயை விரித்தால் கட்டில் போல இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் நல்ல தடிப்பு. கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போது அகரன் அழுகையை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டான். தேனுஜன் வேலையால் வந்து கதவைத் திறந்ததும் பொக்கை வாயில் புதிதாய் வந்த ஒற்றைப் பல்லைக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காக நூற்றைம்பத்து நாலாம் இலக்க பஸ்ஸில் எவ்வளவு நேரமும் தொங்கிக்கொண்டு வரலாம் என்று தேனுஜனுக்குத் தோன்றியது.

புதன்கிழமை காலை கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. "திரு. தே. அகரன் அவர்களுக்கு" என்று தொடங்கியது.

"தங்களுக்கு ஒதுக்கப்பட்ட அறையில், தேனுஜன் ஒப்பமிட்ட கடிதத்தின்படி விருந்தாளிகளாகிய தேனுஜன், தனுஷியா இருவரும் மூன்று இரவுகள் தங்கியுள்ளமை அவதானிக்கப்பட்டுள்ளது. இருபத்தெட்டாம் பிரிவின்படி விருந்தாளிகள் மாதத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் தங்கலாகாது. இன்று மாலை ஆறு மணிக்கு முன்னர் அவர்களை வெளியேற்றுமாறு தங்களைப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் தொடர்ந்து தங்குவதில் எமக்கு ஆட்சேபனை இல்லை."

தேனுஜன் அதை இரண்டு தரம் வாசித்தான். பிறகு, ஏனென்று தெரியாமல், அகரனைப் பார்த்தான். அகரன் கடிதத்தை வாங்கிச் சப்பினான்.

தனுஷியா போனை எடுத்து ரீச்சருக்கு அடித்தாள்.

"ரீச்சர், ஏழு மாசப் பிள்ளை தனிய இருந்து தானே பால் காய்ச்சிக் குடிப்பானோ?"

"பிள்ளை, அது பயனாளியின்ர தனிப்பட்ட விஷயம். ஒன்றியம் அங்கத்தவர்களின்ர தனிப்பட்ட விஷயங்களிலை தலையிடுறேல்லை. ஐம்பத்தோராம் பிரிவு."

தனுஷியா போனை வைத்துவிட்டுப் பையை எடுத்துத் துணிகளை மடிக்கத் தொடங்கினாள். மடிக்கும் வேகத்தைப் பார்த்தாலே அவள் அழவில்லை, கோபத்தில் இருக்கிறாள் என்பது தெரிந்தது. அடுத்த நாள் காலை முருங்கனால் போகும் மன்னார் பஸ். தேனுஜன் யாட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, ஏதாவது வழி இருக்குமா என்று, மலரின் கடைசியில் அச்சாகியிருந்த யாப்பின் அறுபத்து நான்கு பிரிவையும் வாசிக்கத் தொடங்கினான். கூட்டுறவுக் கடையில் பங்கீட்டுப் புத்தகம் வாசித்துப் பழகியவன், அதனால் முப்பத்தோராம் பிரிவு வரை நித்திரை கொள்ளாமல் வந்து சேர்ந்தான். வெளியூரவர் இருவரை இணை அங்கத்தவராகச் சேர்க்கலாம். இணை அங்கத்தவர் விருந்தாளி ஆகமாட்டார். அதற்கு முழு அங்கத்தவர் இருவர் முன்மொழிய வேண்டும். மூன்றாம் பிரிவு: முழு அங்கத்தவர் என்பவர் இலந்தையடியில் பிறந்தவர்.

இவ்வளவுதானா! அவன் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டான். இரண்டு பேர் போதும். ஒன்றியத்தில் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள்.

அன்று மாலை ஆறு மணிக்கு விருந்தாளிகள் வெளியேறுவதை மேற்பார்வை செய்ய ஒன்றியம் விசேட பொதுக்கூட்டம் கூட்டியிருந்தது. தேனுஜனுக்கு விருந்தாளி என்ற முறையில் இரண்டு நிமிடம் கதைக்க அனுமதி கிடைத்தது. அவன் அகரனைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினான்.

"எல்லாருக்கும் வணக்கம். முப்பத்தோராம் பிரிவிலை எங்களைச் சேர்க்கலாம் எண்டு கிடக்கு. ஊரிலை பிறந்த ரெண்டு பேர் ஒப்பம் வைக்க வேணும். நான் கனக்கக் கேக்கேல்லை. ரெண்டே ரெண்டு பேர்." படிவத்தை நீட்டியபடி, மரியாதைக்கு முதலில் யாரைக் கேட்க வேண்டுமோ அவரிடம் போனான். "ஐயா, நீங்கள் ஊரிலை எவடத்திலை பிறந்தனீங்கள்? இதிலை எழுத வேணும்."

நவரத்தினம் பேனையின் மூடியைக் கழற்றினார். படிவத்தில் கையை வைத்தார். பிறகு மூடியைத் திரும்பப் போட்டார்.

"நானு ஓயா," என்றார்.

"ஐயா?"

"அப்பா றெயில்வேயிலை இருந்தவர். நான் பிறந்தது நானு ஓயா ஸ்டேஷன் குவார்ட்டேர்ஸிலை." சொல்லிவிட்டு, வேறு யாரோ சொன்னதைக் கேட்டவர் போல முழித்தார்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதை நான் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களை எங்கே நிறுத்தி "எந்த ஊர்?" என்று கேட்டாலும் யோசிக்காமல் ஒரு ஊரைச் சொல்வார்கள். அங்கே பிறந்தோமா, வளர்ந்தோமா, ஒரு வெள்ளிக்கிழமையாவது அங்கே இருந்தோமா என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதே இல்லை. தலைவரும் யாப்பை எழுதும்போது "ஊரவர்" என்பதற்குக் கொஞ்சம் மிடுக்காக இருக்கட்டும் என்று "பிறந்தவர்" என்று எழுதினார். நாற்பது வருடமாக அதைத் தினமும் கையில் வைத்திருந்தார், தன்னைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் அவருக்குப் படவில்லை.

தேனுஜன் ரீச்சரிடம் திரும்பினான்.

"மட்டக்களப்பு," என்றார் ரீச்சர், பேனையைக் கீழே வைத்தபடி. "அம்மா அங்கை படிப்பிச்சவ."

"ராகுலன் அண்ணை?"

"தெஹிவளை. நேர்சிங் ஹோம்."

தேனுஜன் வரிசை வரிசையாகப் போனான். மலாயா. அனுராதபுரம். கண்டி. பதுளை. கொட்டாஞ்சேனையில் இரண்டு பேர். இருபத்துமூன்றாவது ஆள் தான் எங்கே பிறந்தேன் என்று தாயிடம் கேட்டதே இல்லை என்றார். தேனுஜனுக்கு அழுகை வந்தது. அவனுக்கு இவர்களைப் பிடிபட வைக்கும் நோக்கம் எள்ளளவும் இல்லை. அவனுக்கு வேண்டியது இரண்டு ஒப்பம்.

"ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டான். "ஒராளும்?"

தோளில் இருந்த அகரன் மட்டும் எல்லோரையும் பார்த்து ஒற்றைப் பல்லைக் காட்டினான்.

ராகுலன்தான் முதலில் சுதாரித்தார். "தலைவர், இதைப் பெரிசாக்கத் தேவையில்லை. கூட்டறிக்கையிலை போடாமல் விட்டால் சரி."

ரீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் ராகுலன் நாற்காலியோடு கொஞ்சம் பின்னுக்குப் போனார்.

நவரத்தினம் எழும்பினார். அந்த மனிதரைப் பற்றி என்னவும் சொல்லலாம், ஆனால் மற்றவனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று இருந்தவர் அல்ல. பச்சைப் புத்தகத்தை விரித்து மூன்றாம் பிரிவை உரத்து வாசித்தார்.

"இதன்படி இந்த மண்டபத்திலை அங்கத்தவர் எண்டு ஒராள்தான் இருக்கிறார். மற்ற எல்லாரும்..." அவர் சொல்லைத் தேடினார். யாப்பில் இருந்தது ஒரு சொல்தான். "விருந்தாளிகள். எனக்குக் கூட்டம் நடத்த அதிகாரம் இல்லை. நாற்பது வருஷமாய் இருந்திருக்கேல்லை."

மேசை லாச்சியைத் திறந்து கட்டடத்தின் திறப்புக் கோர்வையை எடுத்துத் தேனுஜனின் கையில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"தம்பி, நான் பிறந்து மூண்டாம் மாசம் அப்பாவைப் பொல்காவலைக்கு மாத்தினவை. குவார்ட்டேர்ஸ் இல்லை. சம்பளமும் பெரிசாய் இல்லை. ஸ்டேஷனிலை பார்சல் வைக்கிற அறையை ஸ்டேஷன் மாஸ்டர் ஒழிச்சுக் குடுத்தவர். சிங்கள மனிசன். ஆறு மாசம் அதுக்குள்ளைதான் இருந்தனாங்கள் எண்டு அம்மா சொல்லுறவ. அந்தாள் எங்களிட்டை எந்த ஊர் எண்டு கேட்டவரோ தெரியாது." தேனுஜனின் விரல்களைத் திறப்பின் மேல் மடித்தார். "கேட்டிருந்தாலும், அம்மா இலந்தையடி எண்டுதான் சொல்லியிருப்பா. அவருக்கு அது விளங்கியுமிராது."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். போகும்போது ஒருவரும் யாருக்கும் நன்றியுரை சொல்லவில்லை. தனுஷியா பையை அவிழ்த்து, மடித்த துணிகளைத் திரும்ப வெளியே எடுத்து வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, பின்னேரம் நாலு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தனுஷியா ஓடி வந்து பாதி திறந்தாள். படியில் இருபத்துமூன்று பேர் வரிசையாக நின்றார்கள்.

"நாங்கள்தான்," என்றார் சிவமணி ரீச்சர். "யாப்பைத் திருத்த வேணும். மூன்றாம் பிரிவும் நாலாம் பிரிவும் இருபத்தெட்டும். அங்கத்தவர் முன்னிலையிலைதான் செய்யலாம்."

"அங்கத்தவர் இப்பதான் நித்திரை," என்றாள் தனுஷியா. "ரெண்டு நாளாய்க் காய்ச்சல், இண்டைக்குத்தான் கண்ணை மூடினவன். சத்தம் போடாமல் இருக்கிறதெண்டால் வாங்கோ. செருப்பைக் கீழை விடுங்கோ."

வந்தார்கள். மண்டபத்தின் நடுவில் பாயில் அகரன் கையை விரித்துப் படுத்திருந்தான். அவனைச் சுற்றி நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து இருந்தார்கள். நவரத்தினம் பழக்கதோஷத்தில் எழும்பி, தொண்டையைச் செருமி, "பேரன்புமிக்க" என்று தொடங்கினார். தனுஷியா உதட்டில் விரலை வைத்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

வரவேற்புரை இல்லை. தலைமையுரை இல்லை. ராகுலன் மலரைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், இருபத்திரண்டு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "பிறந்தவர்" என்ற சொல்லை வெட்டி, "ஊர் என்று சொல்லிக்கொண்டு வருபவர்" என்று ரீச்சர் சின்னக் குரலில் வாசித்தார். விருந்தாளிப் பிரிவை முழுக்க வெட்டினார்கள். எல்லாம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. ஒன்றியத்தின் சரித்திரத்தில் அவ்வளவு வேலை ஒரே நாளில் நடந்ததில்லை. கூட்டறிக்கை இப்படி முடிகிறது: "வாக்குரிமையுள்ள ஒரே அங்கத்தவர் உறக்கத்தில் இருந்தார். எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது."

எல்லோரும் நுனிக்காலில் நடந்து படியிறங்கினார்கள். நவரத்தினம் மட்டும் எழும்பவில்லை. அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் மெல்பேர்ணில். பேரப்பிள்ளைகளைப் போனில்தான் பார்க்கிறார்.

"பிள்ளை," என்றார் கிசுகிசுத்த குரலில், "அவர் எழும்பின உடனை ஒருக்கா நான் தூக்கலாமோ?"

"ஓம் ஐயா. ஆனா எழும்ப நேரம் செல்லும்."

"பரவாயில்லை," என்றார் தலைவர். "நான் இருக்கிறன்."